ஒலியைப் பிரிக்கும் இடம்

ஒலிபெருக்கிகளில் ஆர்வமுள்ளவர்கள் பெட்டியின் மரத்தைப் பற்றியும், காகிதக் கூம்பின் அகலத்தைப் பற்றியும், காந்தத்தின் எடையைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுவார்கள். பெட்டியின் முதுகுப்பக்கம் நான்கு திருகாணிகளில் நின்றுகொண்டிருக்கும் கிராஸ்ஓவர் என்னும் சிறு பலகையைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. மனிதச் செவிக்கு எட்டும் ஒலி 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை விரிந்து கிடக்கிறது. சங்கீதக் கணக்கில் ஏறத்தாழப் பத்து ஸ்தாயிகள். மிருதங்கத்தின் தொப்பியையும் தம்புராவின் ஜீவாவையும் ஒரே ஒலிப்பான் ஒரே நேர்த்தியுடன் தருவது அரிது. ஆகவே தாழ்ந்த ஒலிகளை ஒரு பெரிய ஊஃபரிடமும், உயர்ந்த ஒலிகளை வேறொரு சிறிய ஒலிப்பானிடமும் ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பங்கீட்டைச் செய்வதுதான் கிராஸ்ஓவர்.

அது இரண்டு வகை. பாசிவ் கிராஸ்ஓவர் ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால், ஒலிபெருக்கிப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. செம்புக் கம்பிச்சுருள், மின்தேக்கி, சில மின்தடைகள், இவ்வளவே அதன் உடல். ஏற்கெனவே பெருக்கப்பட்டு வரும் மின்சாரத்தை அது பிரித்து அனுப்புகிறது. தனக்கென மின்சாரம் கேட்பதில்லை. ஆக்டிவ் கிராஸ்ஓவரோ ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் அமர்ந்து, இசை மெல்லிய சமிக்ஞையாக இருக்கும்போதே அதைப் பிரித்துவிடுகிறது. பிரிந்த ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி ஆம்ப்ளிஃபையர் வேண்டும். இன்று இந்த வேலையைப் பெரும்பாலும் ஒரு டிஜிட்டல் செயலி பார்த்துக்கொள்கிறது. செய்வினை, செயப்பாட்டுவினை என்று வகுப்பில் நடத்திப் பழகிய எனக்கு இந்த ஆங்கிலப் பெயர்கள் முதலில் சற்றுக் குழப்பமாகவே இருந்தன. உண்மையில் இரண்டுமே செய்வினைதான். எந்த இடத்தில் செய்கிறது என்பதில்தான் வேறுபாடு.

தமிழ் படித்தவர்களுக்கு இதை விளக்கக் கைவசம் ஓர் எளிய வழி உண்டு. ஊஃபரை நிலைமொழி என்றும் மேலே இருக்கும் ஒலிப்பானை வருமொழி என்றும் வைத்துக்கொள்ளுங்கள். நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் சந்திக்குமிடத்தில் நிகழ்வதே புணர்ச்சி. விகாரப் புணர்ச்சியைத் தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்றாகப் பகுக்கிறது நன்னூல். கிராஸ்ஓவரிலும் இம்மூன்றும் உண்டு. இரு ஒலிப்பான்களும் எல்லையில் தேவைக்கு மேல் ஒலித்தால் அங்கே இல்லாத மேடு ஒன்று தோன்றுகிறது. ஒன்று எழும்போது மற்றொன்று தாழ்ந்தால் இருந்த ஒலி கெடுகிறது. காலம் மாறி வந்து சேர்ந்தால் ஒலியின் முகம் திரிகிறது. கிராஸ்ஓவர் வடிவமைப்பவரின் கனவெல்லாம் இயல்புப் புணர்ச்சிதான்; சேர்ந்த இடம் தெரியக்கூடாது. சீக்ஃபிரீட் லிங்க்விட்ஸ், ரஸ் ரைலி என்ற இரண்டு ஹியூலெட்-பேக்கர்ட் பொறியாளர்களின் பெயரால் வழங்கும் வடிகட்டி முறை இந்தக் கனவுக்கு மிக அருகில் வருவது. லிங்க்விட்ஸ் அதை 1976இல் வெளியிட்டார். எல்லை அதிர்வெண்ணில் இரண்டு ஒலிப்பான்களும் தலா 6 டெசிபெல் தாழ்ந்து, ஒரே திசையில் அசைந்து, கூட்டுத்தொகையில் மேடும் பள்ளமும் இல்லாமல் நிற்கும்படி அமைந்த முறை அது.

நிற்க. ஆக்டிவா, பாசிவா என்னும் கேள்வி எல்லா ஒலிபெருக்கிகளுக்கும் பொதுவானதே. எனினும் ஹார்ன் வகை ஒலிபெருக்கிகளில்தான் அது கூர்மையடைகிறது. ஹார்ன் என்றதும் நம்மவர்க்கு நினைவுக்கு வருவது திருவிழாக்களில் மரத்தின் மேல் கட்டப்படும், காவல்துறை அறிவிப்புகளில் 'கூம்பு வடிவ ஒலிபெருக்கி' என்று குறிப்பிடப்படும் அந்தக் குழாய்தான். அதற்குள் ஒரே ஓர் ஒலிப்பான், கிராஸ்ஓவர் கிடையாது. அடித்தொண்டை ஒலிகள் அதில் வருவதில்லை என்பதால் எந்தப் பாட்டும் மூக்கால் பாடியது போலிருக்கும். ஆனால் சிறிய ஆம்ப்ளிஃபையரை வைத்துக்கொண்டே அடுத்த ஊருக்குக் கேட்கும். அதுதான் ஹார்னின் குணம். நாகசுரத்தை நினைத்துக்கொண்டால் விளங்கும். சீவாளியில் பிறக்கும் சிறு அதிர்வு, படிப்படியாக விரியும் குழலின் வழியே வளர்ந்து அணசு வழியாக வெளியேறுகிறது. சீவாளியை மட்டும் எடுத்து ஊதிப் பார்த்தால் கீச்சொலிதான் மிஞ்சும். ஹார்ன் ஒலிபெருக்கியில் சீவாளியின் இடத்தில் இருப்பது கம்ப்ரெஷன் டிரைவர். சாதாரண ட்வீட்டர் ஒரு வாட் மின்சாரத்துக்கு ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 90 டெசிபெல் ஒலி தரும் என்றால், ஹார்னில் பொருத்திய கம்ப்ரெஷன் டிரைவர் 105 முதல் 110 டெசிபெல் வரை தரும்.

எங்கள் வீட்டுக்கு ஹார்ன் வந்ததற்குக் காரணம் என் தந்தை. எழுபத்தெட்டு வயதாகிறது. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கர்நாடக இசை கேட்டவர். "ராகம் தெரியுதுடா, என்ன பாடுறாங்கன்னுதான் தெரியல" என்று சில ஆண்டுகளுக்கு முன் சொல்லத் தொடங்கினார். முதுமையில் செவி முதலில் இழப்பது உயர்ந்த அதிர்வெண்களை. உயிரொலிகளின் வலிமை பெரும்பாலும் கீழே இருக்கிறது. ச, த, ட, ப போன்ற மெய்களை ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரித்துக் காட்டும் குறிகளோ 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கின்றன. ஆகவே முதியவர்களுக்கு உயிரெழுத்துகள் கேட்கின்றன, மெய்யெழுத்துகள் மறைகின்றன. ராகம் உயிரெழுத்திலேயே நிற்கும். சாகித்தியம் நிற்காது. மருத்துவர் தந்த காது மெஷினைப் பேச்சுக்கு வைத்துக்கொள்கிறார். பாட்டுக்கு உட்காரும்போது கழற்றி வைத்துவிடுகிறார். அதில் வயலின் கத்தியைத் தீட்டுவது போல் கேட்கிறதாம்.

மொசைக் தரையும் வெறுஞ்சுவர்களும் உள்ள நம் வீட்டுக் கூடங்களில் ஒலி நான்கு பக்கமும் மோதித் திரும்பும். அந்த எதிரொலிக் குவியலில் மெய்யெழுத்துகள் இன்னும் மங்கும். ஹார்ன் ஒலியைச் சிதறவிடாமல், கேட்பவர் அமர்ந்திருக்கும் திசையை நோக்கிக் குவித்து அனுப்புகிறது. நேரே வரும் ஒலி மிகுந்து, சுவரில் பட்டு வரும் ஒலி குறைகிறது. திரையரங்குகளில் வசனம் கடைசி வரிசைக்கும் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காகவே ஹார்ன்கள் அங்கே இடம்பெற்றன. அந்த நியாயம் எண்பதை நெருங்கும் ஒருவரின் சாய்வு நாற்காலிக்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றியது.

கடைசல் பட்டறை வைத்திருக்கும் ஓர் ஆசாரி, பழைய உத்தரத் தேக்கை வளையம் வளையமாக ஒட்டிக் கடைந்து இரண்டு ஹார்ன்கள் செய்து கொடுத்தார். வாயின் குறுக்களவு 50 சென்டிமீட்டர், ஆழமும் ஏறத்தாழ அவ்வளவே. 1920களில் பால் வொய்க்ட் கையாண்ட டிராக்ட்ரிக்ஸ் வளைவு அது. கணக்குப்படி இந்த அளவுள்ள ஹார்ன் 220 ஹெர்ட்ஸுக்குக் கீழே வேலை செய்யாது. அதற்கு ஒரு ஸ்தாயிக்கு மேல் இடைவெளி விட்டு 500 ஹெர்ட்ஸில் எல்லையை வைப்பது பாதுகாப்பு. கீழே 15 அங்குல ஊஃபர் ஒன்று தன் பெட்டியில் 500 ஹெர்ட்ஸ் வரை வரும்.

இந்த 500 ஹெர்ட்ஸ் எங்கே விழுகிறது என்று பாருங்கள். 5 கட்டைச் சுருதியில் பாடும் ஒரு பெண் குரலின் ஆதார ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ். மேல் ஷட்ஜம் 392. மேல் ஸ்தாயியின் அந்தர காந்தாரம் 490, சுத்த மத்தியமம் 523. அதாவது பாடகி நிரவலின் உச்சத்தில் மேல் காந்தாரத்திலிருந்து மத்தியமத்தை எட்டும் அந்த ஒரு படியில், குரலின் அடிநாதம் ஊஃபரிலிருந்து ஹார்னுக்குக் கை மாறுகிறது. கச்சேரியில் சபை மூச்சடக்கிக் காத்திருக்கும் இடம் அது. தையல் தெரியவே கூடாத இடத்தில் தையல் விழுகிறது. ட்வீட்டர் வைத்த சாதாரணப் பெட்டிகளில் எல்லை 2,000, 3,000 ஹெர்ட்ஸில் இருக்கும். அங்கே குரலின் மேல் இழைகள் மட்டுமே கை மாறும். ஹார்னில் குரலே கை மாறுகிறது.

இனி, பாசிவ் முறைக்கு எதிரான வாதங்கள். முதலாவது, மட்டம். என் ஊஃபர் 97 டெசிபெல், ஹார்ன் 109 டெசிபெல். இடைவெளி 12 டெசிபெல் என்றால் மின்சாரத்தில் அது 16 மடங்கு. பாசிவ் முறையில் ஹார்னை ஊஃபரின் மட்டத்துக்கு இறக்க வேண்டுமானால், அதற்கு வரும் மின்சாரத்தில் பதினாறில் பதினைந்து பங்கை மின்தடைகளில் சூடாக்கிக் கழிக்க வேண்டும். ஆக்டிவ் முறையில் ஹார்னின் ஆம்ப்ளிஃபையரைக் குறைத்து வைத்தால் முடிந்தது.

இரண்டாவது, செம்பு. 8 ஓம் ஒலிப்பானுக்கு 500 ஹெர்ட்ஸில், ஸ்தாயிக்கு 12 டெசிபெல் சரியும் லிங்க்விட்ஸ்-ரைலி வடிகட்டிக்கு 5 மில்லிஹென்றி கம்பிச்சுருளும் 20 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் வேண்டும். எல்லை 5,000 ஹெர்ட்ஸாக இருந்தால் இவற்றில் பத்தில் ஒரு பங்கு போதும். எல்லை தாழத் தாழச் சுருள் பருக்கிறது, விலை ஏறுகிறது. ஊஃபருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே கம்பியின் மின்தடையும் கூடுகிறது. ஊஃபரின் அசைவை ஆம்ப்ளிஃபையர் பிடித்து நிறுத்தும் பிடி அந்த அளவுக்குத் தளர்கிறது. தவிரவும் இந்தக் கணக்கெல்லாம் ஒலிப்பான் எப்போதும் 8 ஓமாகவே நிற்கும் என்ற அனுமானத்தில் போட்டது. உண்மையில் ஒலிப்பானின் மின்னெதிர்ப்பு அதிர்வெண்ணுக்கேற்ப ஏறி இறங்கும். ஹார்னின் கீழெல்லைக்கு அருகே அது மலைத்தொடர் போலிருக்கும். ஆக்டிவ் வடிகட்டிக்கு இந்த மலைகள் தெரியவே தெரியாது.

மூன்றாவது, காலம். இதுதான் முக்கியமானது. ஒலி ஒரு மில்லிசெகண்டில் ஏறத்தாழ 34.5 சென்டிமீட்டர் கடக்கிறது. ஹார்னின் வாயும் ஊஃபர் பெட்டியின் முகப்பும் ஒரே கோட்டில் நின்றாலும், ஹார்னின் ஒலி 50 சென்டிமீட்டர் பின்னாலிருந்து புறப்படுகிறது; ஊஃபரின் ஒலி 15 சென்டிமீட்டர் பின்னாலிருந்து. வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மில்லிசெகண்ட். 500 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 69 சென்டிமீட்டர், அதில் சரிபாதி. இரு ஒலிப்பான்களும் ஒரே தளத்தில் இருப்பதாக எண்ணிக் கணக்கிட்ட வடிகட்டியைப் போட்டால், ஒன்று மேலேறும்போது மற்றொன்று கீழிறங்கி, எல்லையில் ஒலி அற்றுப்போகும். ஹார்னின் இரண்டு கம்பிகளை இடம் மாற்றினால் 500 ஹெர்ட்ஸில் பள்ளம் நிரம்பும். ஆனால் ஹார்ன் ஒரு மில்லிசெகண்ட் பிந்தி வருவது வந்துகொண்டேதான் இருக்கும்.

இந்தச் சிக்கலுக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1933 ஏப்ரல் 27 அன்று பெல் ஆய்வகத்தார் ஃபிலடெல்ஃபியாவில் வாசித்த இசைக்குழுவின் ஒலியைத் தொலைபேசிக் கம்பிகள் வழியாக வாஷிங்டன் அரங்கு ஒன்றுக்குக் கொண்டுசென்று, பெரும் ஹார்ன்களில் ஒலிக்கச் செய்தார்கள். அந்த வகை அமைப்பை ஹாலிவுட்டின் எம்ஜிஎம் நிறுவனம் பரிசோதித்தபோது, நடிகை எலனார் பவலின் நடனத்தில் காலணியின் ஒவ்வொரு தட்டும் இரண்டு தட்டாகக் கேட்டதாக ஒலியியல் வட்டாரங்களில் ஒரு கதை வழங்கிவருகிறது. தாழ் ஒலி ஹார்னின் பாதை பல அடி நீளம். உயர் ஒலி ஹார்னின் பாதை அதைவிட மிகக் குறுகியது. ஒரே தட்டு இருமுறை வந்து சேர்ந்தது. டக்ளஸ் ஷியரர் தலைமையில் ஜான் ஹில்லியார்ட், ஜேம்ஸ் லான்சிங் முதலியோர் பாதை நீளங்களை நெருக்கமாக்கிப் புதிய இருவழி ஹார்ன் அமைப்பைச் செய்தார்கள். அதற்கு 1936ஆம் ஆண்டுக்கான ஆஸ்கர் தொழில்நுட்ப விருது கிடைத்தது. 1945இல் வந்த ஆல்டெக் நிறுவனத்தின் 'வாய்ஸ் ஆஃப் தி தியேட்டர்' வரிசையிலும் ஊஃபர் ஒரு குட்டை ஹார்னுக்குள் பின்னால் தள்ளி வைக்கப்பட்டது. பாசிவ் காலத்துப் பொறியாளர்கள் காலத்தைத் தச்சு வேலையால் சரிசெய்தார்கள். டிஜிட்டல் செயலியில் ஊஃபருக்கு 1.0 மில்லிசெகண்ட் என்று ஓர் எண்ணை இட்டால் அதே வேலை நடந்துவிடுகிறது. எங்கள் கூடத்தில் ஹார்னை 35 சென்டிமீட்டர் முன்னால் நீட்டி வைத்திருந்தால், இரவில் தண்ணீர் குடிக்க எழும் அப்பா அதில் இடித்துக்கொண்டிருப்பார்.

இவ்வளவு தெளிவாக இருக்கையில் இன்னும் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பெரிய நிறுவனங்களே இந்தப் பக்கம் சாய்ந்துவிட்டன. 1946 முதல் ஹார்ன் ஒலிபெருக்கிகளே தன் அடையாளமாகக் கொண்ட கிளிப்ஷ் நிறுவனம், 2022இல் வீடுகளுக்கென வெளியிட்ட ஜூபிலி என்னும் பெரிய ஒலிபெருக்கியை ஆக்டிவ் கிராஸ்ஓவருடன்தான் தந்தது. ஜேபிஎல் நிறுவனத்தின் எம்2, 2013இல் ஒலிப்பதிவுக் கூடங்களுக்காக வந்தபோது, பெட்டிக்குள் பாசிவ் பலகையே இல்லை. ஆனால் அதே ஜேபிஎல் 2006இல் எவரெஸ்ட் டிடி66000 என்ற ஒலிபெருக்கிக்குப் பாசிவ் பலகைதான் வைத்தது. மின்தேக்கிகள் பூச்சிய மின்னழுத்தத்தைக் கடக்கும்போது நேரும் சிறு பிசிறையும் தவிர்க்க, அவற்றுக்கு மின்கலம் ஒன்றால் நிலையான மின்னழுத்தம் கொடுத்தது. அறிந்தவர்களே இரு பக்கமும் நிற்கிறார்கள் என்றால், கேள்வியில் அளவுகோலுக்கு அகப்படாத ஏதோ ஒன்று இருக்கிறது.

எங்கள் வீட்டில் அது என்னவென்று எனக்குச் சொன்னவர் ஓய்வுபெற்ற ரேடியோ மெக்கானிக் ஒருவர். வால்வு ரேடியோ காலத்திலிருந்து சூட்டுக்கோலைக் கீழே வைக்காதவர். மின்தேக்கியை இன்றும் கண்டென்சர் என்றே சொல்வார். செயலியையும் நான்கு ஆம்ப்ளிஃபையர்களையும் பார்த்துவிட்டு, "சார், நீங்க வகுப்புக்குப் போனப்புறம் இதை யாரு போடுவா?" என்றார்.

அந்தக் கேள்வி நியாயமானது. ஆக்டிவ் அமைப்பில் சுவிட்சுகளுக்கு வரிசை உண்டு. செயலியை முதலில் போட வேண்டும், ஆம்ப்ளிஃபையர்களைக் கடைசியில். நிறுத்தும்போது தலைகீழ் வரிசை. மாறிவிட்டால் செயலி விழிக்கும்போது எழும் 'டொப்' என்ற அதிர்ச்சி ஆம்ப்ளிஃபையரால் பெருக்கப்பட்டு ஹார்னின் மெல்லிய தகட்டில் இறங்கும். மின்சாரம் நின்று வரும் ஊரில் இந்த வரிசையை மின்வாரியமும் கடைப்பிடிக்காது, இன்வெர்ட்டரும் கடைப்பிடிக்காது. பாசிவ் அமைப்பில் ஹார்னுக்கு முன்னால் எப்போதும் ஒரு மின்தேக்கி நிற்கிறது; நேர்மின்சாரம் அதைத் தாண்டாது. ஒரு சுவிட்ச், ஒரு குமிழ். மாலை நான்கு மணிக்கு வீட்டில் தனியாக இருக்கும் ஒருவர் தயக்கமின்றிப் போட்டுக் கேட்கலாம்.

இரைச்சல் என்ற ஒன்றும் இருக்கிறது. ஆம்ப்ளிஃபையரின் வெளிவாயிலில் 0.3 மில்லிவோல்ட் இரைச்சல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சாதாரண ஒலிபெருக்கியில் அது கேட்காது. 109 டெசிபெல் ஹார்னை நேரே இணைத்தால் ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 30 டெசிபெல். நள்ளிரவின் அமைதியில் ஆலாபனைக்கு முந்தைய மௌனத்தில் 'ஸ்ஸ்' என்று ஒரு பாம்பு அறைக்குள் இருக்கும். பாசிவ் பலகையில் வீண் என்று நாம் இகழ்ந்த அந்த மின்தடைகள் இசையோடு இந்த இரைச்சலையும் 12 டெசிபெல் தாழ்த்திவிடுகின்றன.

மெக்கானிக் இன்னொன்றும் சொன்னார்: "பிரிச்சுப் பாத்தா புரியணும் சார். அதுதான் மெஷினு." பாசிவ் பலகையின் மேல் அதன் பாடம் எழுதியிருக்கிறது. மின்தேக்கியின் உடம்பில் அளவு அச்சிட்டிருக்கும். சுருளை மீட்டரில் வைத்தால் தன் அளவைச் சொல்லும். ஆல்டெக் பெட்டிகளின் பழைய பலகைகளை முக்கால் நூற்றாண்டு கழித்தும் திறந்து, உலர்ந்த மின்தேக்கியை மாற்றி, மீண்டும் பாட வைக்கிறார்கள். செயலியின் நினைவில் இருக்கும் பாடத்தைத் திறந்து படிக்க அதற்குரிய மென்பொருளும், அந்த மென்பொருளை ஏற்கும் கணினியும் வேண்டும். இரண்டும் பத்தாண்டு கழித்துக் கிடைக்கும் என்பதற்கு யார் பொறுப்பு? படியெடுக்க முடியாத ஏட்டின் கதி என்னவென்று தமிழ் படித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

தராசு இப்படிச் சமமாக நின்றபோது ஒரு பக்கம் இறங்கியதற்குக் காரணம் அப்பாவின் செவிதான். 3,000 ஹெர்ட்ஸுக்கு மேல் 4 டெசிபெல் கூட்டிப் பார்த்தபோது, தன் மனப்பாடத்தில் இல்லாத ஒரு பாடலின் அனுபல்லவியை அவர் சொல் சொல்லாகத் திருப்பிச் சொன்னார். பாசிவ் பலகையில் ஹார்னின் மட்டக் குமிழைத் திருப்பினால் 500 ஹெர்ட்ஸிலிருந்து எல்லாமே சேர்ந்து ஏறும். மெய்யெழுத்துகளோடு குரலின் உடம்பும் ஏறிக் கூச்சலாகும். இதற்குக் கிராஸ்ஓவரே வேண்டாம், ஆம்ப்ளிஃபையரின் டிரெபிள் குமிழ் போதுமே என்பவர்களும் உண்டு. ஓரளவு உண்மைதான். ஆனால் அந்தக் குமிழ்கள் எங்கே தொடங்கி எவ்வளவு ஏற்றும் என்பது அவற்றைச் செய்தவர் வைத்தது. அப்பாவின் செவி எங்கே சரியத் தொடங்குகிறது என்பது அவருடைய செவிச் சோதனைத் தாளில் இருக்கிறது. இதனால் இழந்த செவி திரும்பிவிடாது. முற்றிலும் மறைந்துபோன ஒலிகளை எவ்வளவு ஏற்றினாலும் அவை மறைந்தவையே. மீதமிருப்பதைக் கொஞ்சம் கைப்பக்கமாக நகர்த்தி வைக்கலாம், அவ்வளவுதான்.

ஆகவே நாங்கள் எடுத்த முடிவு இரண்டும் கலந்தது. இசையைப் பிரிப்பதும், ஊஃபரை ஒரு மில்லிசெகண்ட் காத்திருக்கச் செய்வதும் ஆக்டிவ் செயலியின் வேலை. ஊஃபருக்கு நடுவே சுருள் ஏதுமின்றி நேரடி இணைப்பு. ஹார்னின் வாசலில் மட்டும் பாசிவ் காலத்துக் காவல்: 160 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று. அதன் தாக்கம் 125 ஹெர்ட்ஸ் அருகில் தொடங்கிக் கீழே போகிறது என்பதால் 500 ஹெர்ட்ஸ் எல்லையைப் பெரிதும் தொந்தரவு செய்வதில்லை. அதையடுத்து 6 ஓம் மின்தடை தொடராக, 2.7 ஓம் இணையாக. இவை 12 டெசிபெல்லைக் கழிக்கின்றன, பாம்பும் அடங்கியது. ஆக்டிவ் முறையின் பெருமையே ஆம்ப்ளிஃபையருக்கும் ஒலிப்பானுக்கும் நடுவே எதுவும் இல்லாததுதான் என்று நம்புகிறவர்கள் இதைக் கலப்படம் என்பார்கள். வீட்டில் கேட்கும் அளவுக்கு ஒரு வாட்டே மிஞ்சிப்போகும் இடத்தில், பதினைந்து பங்கு வீணாவதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. சுவிட்ச் வரிசையை மெக்கானிக் ஒரு ரிலேயால் தீர்த்தார். ஒரே சுவிட்ச், போட்டுப் பத்து விநாடிகள் கழித்துத்தான் ஒலிப்பான்கள் இணையும். மின்சாரம் போனால் உடனே விலகிவிடும்.

செயலியில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒன்று எனக்கு, இரண்டு அப்பாவுக்கு. இரண்டாவதில் நான் கேட்டால் வயலின் கூர்மையாகத் தைக்கிறது. முதலாவதில் அவர் கேட்டால், "போர்வையைப் போட்டு மூடிட்டாங்க" என்கிறார். ஒரே நாற்காலியில், ஒரே பாட்டுக்கு, எங்கள் இருவருக்கும் பொதுவான ஒரு 'சரியான ஒலி' கிடையாது. பாசிவ் பலகை செய்பவர் தன் செவியைக் கேட்டு ஒரு முடிவெடுத்து, அதைச் செம்பில் சுற்றி வைத்துவிடுகிறார். அந்த முடிவு நல்லதாக இருந்தால் மூன்று தலைமுறைக்கு நிற்கும். ஆக்டிவ் முறை முடிவைக் கேட்பவர் கையில் கொடுத்துவிடுகிறது. முதுமையில் ஆண்டுக்கு ஆண்டு மாறும் செவிக்கு அது வரம். கை நமநமக்கும் ஆளுக்கு அதுவே வினை. எண்களை மாற்றிக்கொண்டே இருந்து பாட்டைக் கோட்டைவிட்ட நண்பர்களை அறிவேன். நான் அமைப்புகளைப் பூட்டி, கடவுச்சொல்லை எழுதி மெக்கானிக்கிடமே கொடுத்துவிட்டேன்.

அவர் சொன்ன குறைக்கும் ஒரு பரிகாரம் செய்தோம். செயலியின் நினைவிலுள்ள எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதினோம்: எல்லை 500 ஹெர்ட்ஸ், லிங்க்விட்ஸ்-ரைலி, ஸ்தாயிக்கு 24 டெசிபெல் சரிவு; ஊஃபருக்குத் தாமதம் 1.0 மில்லிசெகண்ட், இரண்டாம் பாடத்தில் 3,000 ஹெர்ட்ஸுக்கு மேல் 4 டெசிபெல். ஹார்னின் அளவுகளும் மின்தடைகளின் அளவுகளும் கீழே. தாளை இடப்பக்கப் பெட்டியின் உட்புறம் ஒட்டி, மேலே வார்னிஷ் பூசினார் ஆசாரி. இந்தச் செயலி ஒருநாள் நின்றுபோகும். அன்று பெட்டியைத் திறக்கிறவர் யாராக இருந்தாலும், வேறொரு கருவியில் இந்த எண்களை இட்டு, இதே ஒலியை மீட்டுக்கொள்ளலாம். அவருக்கு இரண்டாம் பாடம் எதற்கென்று விளங்காமல் போகலாம் என்பதால், அதற்கு எதிரே 'வயதான செவிக்கு' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.